டேங்க் மூடியில் பெட்ரோல் கசிந்தால்

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியது)



குழுக் கடனில் மோட்டார் சைக்கிள் வாங்கிய வீடுகளுக்கு நாங்கள் போகும்போது, சில வண்டிகளில் டேங்க் மூடி ஓரமாகப் பெட்ரோல் கசிவதைப் பார்க்கிறோம். "சொட்டு சொட்டாத்தானே போகுது" என்கிறார்கள். காசு போவது ஒரு பக்கம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு பரவி அடுப்பு வரைக்கும் வந்து தீப்பிடிக்கும். அதனால் அடுப்படி, விளக்கு பக்கத்தில் வண்டியை நிறுத்தாதீங்க.

முதலில், டேங்க்கைக் கழுத்து வரை நிரப்பக் கூடாது. வெயிலில் பெட்ரோல் விரிந்து வெளியே வரும். அடுத்து, இன்ஜின் ஆறிய பிறகு, பகல் வெளிச்சத்தில் மூடியைத் திறந்து உள்ளே இருக்கும் ரப்பர் வாஷரைப் பாருங்க. விரிசல் விட்டோ, காய்ந்து இறுகியோ இருந்தால், அதையே கடைக்கு எடுத்துப்போய் அதே அளவில் புதுசு வாங்கிப் போடுங்க. சைக்கிள் டியூப்பை வெட்டிப் போட்டால் பெட்ரோலில் ஊறி உப்பிவிடும். மூடியில் காற்று போக சிறு துளை இருக்கும். அதை எம்சீல் வைத்து அடைத்தால் பெட்ரோல் இறங்காமல் வண்டி நின்றுவிடும். வாஷர் மாற்றியும் கசிந்தால் மூடியையே மாத்திடுங்க.

இதற்கெல்லாம் ஆம்பளைங்க வரட்டும்னு காத்திருக்க வேண்டாம். தவணை கட்டுவது நாம்தானே? வண்டியைப் பார்த்துக்கொள்வதும் நம் கையில்தான்.