மாறுவேடம் பூண்ட எண்



பிற மாநிலங்களில் வாழும் நம்மவர் இல்லங்களில் பிள்ளைகள் வாய்பாட்டை இந்தியிலோ மராத்தியிலோ வங்காளியிலோ ஒப்பிக்கக் கேட்கிறோம். ஒலி மாறினும் கணக்கு மாறுவதில்லை. 7ஐ 13ஆல் பெருக்கினால் எம்மொழியிலும் 91தான். 91 என்பது 7இன் மடங்கு. 7 அதன் காரணி. பழைய பாடநூல்கள் காரணியைச் சினை என்றும் வழங்கின. 1ஐவிடப் பெரியதாய், 1ஐயும் தன்னையும் தவிர வேறு காரணி இல்லாததாய் உள்ள எண் பகா எண். காரணி உடையது பகு எண்.

ஓர் எண் பகா எண்ணா என்று அறிவது எங்ஙனம்? அதன் வர்க்கமூலம் வரையிலுள்ள பகா எண்களால் வகுத்துப் பார்க்கலாம். 97க்கு 2, 3, 5, 7 ஆகிய நான்கே போதும். நூறு இலக்க எண்ணாயின்? நொடிக்கு 100 கோடி முறை வகுக்கும் கணிப்பொறியும், பிரபஞ்சத்தின் வயது முழுதும் உழைத்தாலும், அவ்வேலையை முடிக்காது.

ஆதலின் அறிஞர் குறுக்கு வழி தேடினர். 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் ஃபெர்மா ஒரு விதியைக் கண்டார். 2ஐ ஐந்து முறை எழுதிப் பெருக்கினால் 32. அதில் 2ஐக் கழித்தால் 30. அது 5இன் மடங்கு. 2க்குப் பதில் எந்த முழு எண்ணை வைத்தாலும், 5க்குப் பதில் எந்தப் பகா எண்ணை வைத்தாலும் இவ்வாறே அமையும். இச்சோதனையில் தவறும் எண் பகா எண் அன்று என்பது உறுதி. தேறும் எண்ணோ? அங்கேதான் இடர்.

இலண்டனில் நோயுற்றிருந்த இராமானுஜனைக் காண வந்த ஹார்டி, தாம் ஏறிவந்த வாடகை வண்டியின் எண் 1729, அது சுவையற்றது என்றார். இரு கன எண்களின் கூட்டுத்தொகையாக இரு வகையில் எழுதக்கூடிய மிகச் சிறிய எண் அதுவே என்று இராமானுஜன் விடையிறுத்தார். அவ்வெண்ணுக்கு வேறொரு குணமும் உண்டு. 7, 13, 19 ஆகியவற்றின் பெருக்கமாகிய அது பகு எண்ணே. ஆயினும் எந்த எண்ணைக் கொண்டு சோதித்தாலும் ஃபெர்மாவின் சோதனையில் தேறிவிடும்! பகா எண்ணாக மாறுவேடம் பூண்ட பகு எண் அது. இத்தகைய எண்களுக்கு முடிவே இல்லை என்பது 1994இல் நிறுவப்பட்டது.

இன்னும் கூரிய சோதனைகள் தோன்றின. ஆயினும் எல்லா எண்ணுக்கும் விரைவும் முழு உறுதியும் ஒருங்கே வாய்க்கும் என நிறுவப்பட்ட முறை நெடுங்காலம் கிட்டவில்லை. அது கிட்டியது நம் நாட்டில். 2002 ஆகஸ்டில், கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகப் பேராசிரியர் மணீந்திர அகர்வாலும், அவ்வாண்டே பட்டப்படிப்பை முடித்த நீரஜ் கயால், நிதின் சக்சேனா என்னும் இளைஞர் இருவரும் அதை வெளியிட்டனர்.

அதன் வித்து எளியது. x+1 என்பதை ஐந்து முறை எழுதிப் பெருக்கினால் கெழுக்கள் 1, 5, 10, 10, 5, 1. இடையிலுள்ளவை யாவும் 5இன் மடங்குகள். நான்கு முறை பெருக்கினால் 1, 4, 6, 4, 1. இங்கே 6 என்பது 4இன் மடங்கன்று. இப்பண்பு பகா எண்ணுக்கு மட்டுமே உரியது. இதனிடம் மாறுவேடம் செல்லாது. ஆனால் பெரிய எண்ணுக்கு இவ்விரிவின் உறுப்புகள் மலைபோல் குவியும். தக்கதொரு சிறு கோவையால் அவ்விரிவை வகுத்து, மீதியை மட்டும் கொண்டு சில சோதனைகள் நடத்தினாலே உண்மை துலங்கும் என்று மூவரும் நிறுவினர். 2006இல் அவர்களுக்குக் கோடல் பரிசு கிட்டியது.

நடைமுறையில் இன்றும் வேறு விரைவுச் சோதனைகளே பெரிதும் பயன்படுகின்றன. கான்பூர் தந்தது ஐயத்துக்கு இடமற்ற உறுதி.

இன்று மாலை உங்கள் பிள்ளையிடம், 221 பகா எண்ணா என்று கேளுங்கள். 2, 3, 5, 7, 11 ஆகியவற்றால் வகுபடவில்லை என்றதும் ஆம் என்று சொல்லிவிட வேண்டா. இன்னும் ஒரே ஒரு முறை வகுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எம்மொழியில் வகுத்தாலும் விடை ஒன்றே.