தையல் கூலியில் வாங்கிய சைக்கிள்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இன்னிக்கு ஒரு சைக்கிள் வீராங்கனையைப் பற்றிச் சொல்லப்போறேன். பெயர் டில்லி ஆண்டர்சன். டில்லின்னதும் நம்ம தலைநகரம்னு நினைச்சுடாதீங்க, அது அவர் பெயர்!

1875-இல் ஸ்வீடன் நாட்டில் பிறந்தவர். 1891-இல் பிழைப்புத் தேடி அமெரிக்காவின் சிகாகோ நகரத்துக்கு வந்தார். தையல் வேலை செய்தார். கூலியில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து வைத்து, 1894-இல் ஒரு சைக்கிள் வாங்கினார். யாரும் வாங்கிக் கொடுக்கலை. முழுக்க அவர் சேமிப்பு.

அடுத்த வருஷமே நூறு மைல், அதாவது 160 கிலோமீட்டர், ஏழு மணி நேரத்துக்குள் ஓட்டிக் காட்டினார். அப்புறம் பந்தயத்தில் இறங்கினார். அரங்கத்துக்குள் மரப்பலகையால் வட்டமாகப் பாதை போடுவாங்க. வளைவில் வெளி ஓரம் உயர்ந்து சரிவாக இருக்கும். ஆறு நாள் போட்டியில் தினமும் மணிக்கணக்காக ஓட்டணும். மொத்தத்தில் அதிக தூரம் போனவருக்கு முதல் பரிசு.

பெண் சைக்கிள் ஓட்டினால் உடம்பு கெட்டுப்போகும்னு டாக்டர்களே சொன்ன காலம் அது. உடம்பை ஒட்டிய உடுப்பு போட்டதுக்கும் ஏச்சு கேட்டார். ஆனாலும் சுமார் 130 போட்டிகளில், மிகச் சிலவற்றைத் தவிர எல்லாவற்றிலும் ஜெயித்தார்.

கணவர் ஃபில் ஷோபர்க்கும் சைக்கிள் வீரர்தான். தன் பந்தயத்தை விட்டுவிட்டு மனைவிக்குப் பயிற்சி கொடுத்தார். இதை வீட்டுல போய்ச் சொல்லுங்க!

1902-இல் இரண்டு இடி. கணவர் காசநோயால் இறந்தார். பெண்கள் போட்டி ஆபத்துன்னு சொல்லித் தடையும் வந்தது. அவருக்கு அப்போ 27 வயசுதான். தோற்று நின்றவரில்லை, நிறுத்தப்பட்டவர். 1965-இல் காலமானார். அமெரிக்க சைக்கிள் விளையாட்டின் புகழ் அரங்கில் அவர் பெயர் சேர்ந்தது 2000-இல்தான்.

சகோதரிகளே, சைக்கிள் அவருடையது. ஆனா ஓட்டுற பாதை அடுத்தவங்க கையில இருந்தது. நாமும் சேமிக்கிறோம், கடன் வாங்கித் தொழில் செய்றோம். அது மட்டும் போதாது. சந்தையில் கடை எங்கே போடலாம், பொதுக் கட்டடம் யாருக்குன்னு முடிவாகிற இடத்திலும் நாம இருக்கணும். கிராம சபைக் கூட்டத்துக்கு வாங்க. கையெழுத்து போட்டதும் கிளம்பிடாம, எழுந்து பேசுங்க.