யார் எதிர்பார்க்காத வெற்றி?

(திண்டுக்கல்லில் கல்லூரி மாணவர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



‘எதிர்பாராத பாதைகளில் உச்சம் தொட்ட ஹாக்கி வீரர்கள்’ என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். தலைப்பைப் பார்த்ததும் அதனோடு ஒரு சண்டை போட வேண்டும் என்றுதான் தோன்றியது. எதிர்பாராத என்றால், யார் எதிர்பார்க்கவில்லை? கூலிக்காரன் பிள்ளை மட்டையைப் பிடித்தால் நன்றாக ஆடும் என்பது அவன் தெருவுக்குத் தெரியும். பத்திரிகை ஆசிரியருக்குத்தான் அது அதிசயம்.

வந்தனா கட்டாரியாவிடமிருந்து தொடங்குகிறேன். ஹரித்துவார் அருகே ரோஷ்நாபாத் என்ற ஊர். தலித் குடும்பம். அப்பா பெல் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். பெண்பிள்ளையை விளையாட அனுப்புகிறாயே என்று ஊரே முணுமுணுத்தபோது மகள் பக்கம் நின்றவர். 2021 மே மாதம் அவர் இறந்தபோது வந்தனா பெங்களூரில் ஒலிம்பிக் பயிற்சி முகாமில் இருந்தார். கொரோனா காலம். இறுதிச் சடங்குக்குக்கூடப் போகவில்லை. ஜூலை 31 அன்று டோக்கியோவில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக மூன்று கோல். 4–3 என்று இந்தியா வென்றது. ஒலிம்பிக் ஹாக்கியில் ஹாட்ரிக் அடித்த முதல் இந்தியப் பெண் அவர்தான். அந்த வெற்றியும் சேர்ந்துதான் பெண்கள் அணியை முதல்முறையாக ஒலிம்பிக் அரையிறுதிக்குக் கொண்டுபோனது.

ஆகஸ்ட் 4, அரையிறுதியில் அர்ஜென்டினாவிடம் 2–1 என்று தோற்றார்கள். அன்று மாலை ரோஷ்நாபாத்தில் வந்தனா வீட்டு வாசலில் பட்டாசு வெடித்தது. இந்தியா தோற்றதைக் கொண்டாடினார்கள் தோழர்களே. அணியில் தலித்துகள் அதிகமாகிவிட்டதால்தான் தோற்றோம் என்று சாதி சொல்லித் திட்டினார்கள் என்பது குடும்பம் கொடுத்த புகார். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவானது, கைதுகளும் நடந்தன.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். இந்திய ஹாக்கி அணித் தேர்வில் இடஒதுக்கீடு கிடையாது. டீக்கடையிலும் வாட்ஸப்பிலும் நம்மிடம் கேட்பார்களே, ‘தகுதி, திறமை’ என்று, அந்தத் தகுதியும் திறமையும் மட்டுமே பார்த்து எடுத்த அணி அது. அதில் ஒரு தலித் பெண் ஹாட்ரிக் அடித்து நின்றபோதும் வாசலில் பட்டாசு வெடித்தது. அவர்களுடைய கோபம் இடஒதுக்கீட்டின் மீது மட்டும் இருந்ததில்லை.

இரண்டே நாளில், ஆகஸ்ட் 6 அன்று, வெண்கலப் பதக்கத்துக்கான ஆட்டம். பிரிட்டனிடம் 4–3 என்று தோற்றோம். அந்த மூன்றில் ஒரு கோல் வந்தனா அடித்தது. 2025 ஏப்ரலில் அவர் ஓய்வு பெற்றபோது 320 சர்வதேச ஆட்டங்கள், 158 கோல்கள். அன்றைக்கு இந்தியாவுக்காக இவ்வளவு ஆட்டங்கள் ஆடிய பெண் வேறு யாரும் இருக்கவில்லை.

இதையெல்லாம் ‘ஏழ்மையை வென்ற கதை’ என்றே எழுதுவார்கள். அந்த அணியின் கேப்டன் ராணி ராம்பாலின் அப்பா ஹரியானாவில் வண்டி இழுத்தவர். பயிற்சிக்குக் கொண்டுவரச் சொன்ன பால் வாங்க முடியாமல் ராணி பாலில் தண்ணீர் கலந்து கொண்டுபோனார் என்பதை எல்லாரும் எழுதிவிட்டார்கள். அதைப் படித்து நாமும் கண்கலங்குகிறோம். தப்பில்லை. ஆனால் ஏழ்மையைப் பற்றிப் பேசுவது நம் நாட்டில் வசதியான காரியம். ஏழ்மையை யார் வேண்டுமானாலும் பாராட்டலாம், அதற்குக் குற்றவாளி தேவையில்லை. சாதி என்று சொன்னால் பட்டாசு வெடித்தவன் யார் என்று சொல்ல வேண்டியிருக்கும்.

இது பழைய கதையும்கூட. 1928இல் ஆம்ஸ்டர்டாமில் இந்தியா முதல் ஹாக்கித் தங்கம் வாங்கியபோது கேப்டன் ஜெய்பால் சிங், முண்டா பழங்குடி. ராஞ்சி மிஷன் பள்ளியிலிருந்து ஆக்ஸ்போர்டு போனவர். ஐ.சி.எஸ். பயிற்சியில் இருந்தபோது ஒலிம்பிக்குக்கு விடுப்புத் தரவில்லை. மீறிப் போய் ஆடினார், பிறகு ஐ.சி.எஸ்ஸையே விட்டார். அணிக்குள் ஏற்பட்ட பிணக்கில் இறுதி ஆட்டத்துக்கு முன்பே விலகினார். பிறகு அரசியல் நிர்ணய சபையில் ஆதிவாசிகளுக்காகப் பேசிய குரல் அவருடையது. நம் பள்ளிப் புத்தகத்தில் தியான்சந்தைப் படித்திருக்கிறோம். அந்த அணியின் கேப்டன் பெயரை இந்த அரங்கில் எத்தனை பேர் படித்திருப்பீர்கள்?

சரி, இவர்கள் எப்படி மேலே வந்தார்கள்? ‘விடாமுயற்சி’ என்பது பதில் இல்லை. விடாமுயற்சி செங்கல் சூளையிலும் இருக்கிறது. இந்த ஆட்களின் பின்னால் பாருங்கள். ஜெய்பாலுக்கு மிஷன் பள்ளி. ஒடிசாவின் சுந்தர்கர் ஆதிவாசி கிராமத்திலிருந்து இந்தியக் கேப்டன் ஆன திலீப் டிர்கிக்குப் பான்போஷ் அரசு விளையாட்டு விடுதி. நம் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை தன்ராஜ் பிள்ளை, 1992 முதல் 2004 வரை நான்கு ஒலிம்பிக் ஆடியவர். அவருக்குப் புனே கட்கியில் வெடிமருந்துத் தொழிற்சாலையின் மைதானம், அப்பா அங்கே மைதானப் பராமரிப்பாளர். உடைந்த மட்டையைக் கட்டி ஆடினார் என்பது உண்மை. ஆனால் கட்டிய மட்டையோடு இறங்க ஒரு மைதானம் இருந்தது. வந்தனாவுக்கும் ராணிக்கும் ரயில்வே வேலை.

ஆக, மைதானம், விடுதி, அரசு வேலை. இந்த மூன்றும் இருந்த இடத்தில் நம் ஆட்கள் போய்ச் சேர்ந்தார்கள். தன்ராஜும் திலீப்பும் வேலை பார்த்து ஆடியது இந்தியன் ஏர்லைன்ஸில். பிறகு ஏர் இந்தியாவோடு சேர்த்துவிட்டார்கள். 2022 ஜனவரியில் அதைத் தனியாரிடம் கொடுத்தபோது விமானத்தைப் பற்றி விவாதம் நடந்தது, கடனைப் பற்றி நடந்தது. ஹாக்கி ஆடும் பிள்ளைக்கு அது ஒரு வேலைவாய்ப்பு என்பதை யாரும் பேசவில்லை.

தரையும் மாறிவிட்டது. 1928 முதல் 1956 வரை புல்தரையில் தொடர்ந்து ஆறு ஒலிம்பிக் தங்கம் வாங்கினோம். 1976இல் மாண்ட்ரீலில் முதன்முறையாகச் செயற்கைத் தரை போட்டார்கள், இந்தியா ஏழாவது இடம். பலரும் இதைத் தொழில்நுட்பக் கதையாக மட்டும் சொல்வார்கள். எனக்கு இது பணத்தின் கதையும்தான். செயற்கைத் தரை போடக் கோடிக்கணக்கில் ஆகும், ஆடுவதற்கு முன் தண்ணீர் பாய்ச்ச வேண்டும். கண்மாய்க்குள் கற்றுக்கொண்ட பையன் அதன் மேல் ஏறவே அரசாங்கம் ஒரு கதவைத் திறந்துவிட வேண்டும்.

தமிழ்நாட்டில் அப்படித் திறந்த ஒரு கதவு கோவில்பட்டி. மாரீஸ்வரன் சக்திவேல் அந்த ஊர்க்காரர், கார்த்தி செல்வம் அரியலூர்க்காரர். இருவரும் உழைப்பாளிக் குடும்பத்துப் பிள்ளைகள், விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் கோவில்பட்டி விடுதியில் ஆடி வளர்ந்தவர்கள். 2022இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பைக்கு இந்திய அணியில் சேர்ந்தார்கள். பாகிஸ்தானுக்கு எதிரான முதல் ஆட்டத்திலேயே கார்த்தி கோல் அடித்தார். இவர்கள் என்ன சாதி என்று நான் பேசப்போவதில்லை. வீரர்கள் ஜெயித்த அன்றே கூகுளில் சாதியைத் தேடும் பழக்கம் நம் நாட்டில் ஏற்கெனவே நிறைய இருக்கிறது. நான் சொல்வது அந்த விடுதியைப் பற்றி.

ஏனென்றால் நான் வேடசந்தூர்ப் பக்கத்துக்காரன். எங்கள் பகுதியில் பெண்பிள்ளைகளுக்கு ‘ஹாஸ்டல்’ என்றால் மில் ஹாஸ்டல். பத்தாவது முடித்ததும் நூற்பாலை வேன் தெருவுக்கு வந்து நிற்கும். என்னோடு படித்தவர்களில் ஓட்டத்தில் என்னைத் தோற்கடித்தவர்கள் இருந்தார்கள். அந்தக் கால்கள் ஸ்பின்னிங் மெஷினுக்கு நடுவே ஷிஃப்டுக்கு எட்டு மணி நேரம் நடந்தன. அவர்களைப் பற்றி ‘எதிர்பாராத பாதை’ என்று யாரும் எழுதமாட்டார்கள். அது எல்லாரும் எதிர்பார்த்த பாதை.

எங்கள் ஊரில் ஒரு மைதானம் உண்டு. ஆவணத்தில் புறம்போக்கு, பேச்சில் ‘ஊர் கிரவுண்டு’. ஊர் என்றால் சேரி அதில் அடங்காது என்பது உங்களுக்குத் தெரியும். பொங்கலுக்குக் கோப்பை நடத்துவார்கள். பேனரில் சாதித் தலைவர் படம், பனியனில் சாதிக் கொடியின் நிறம். எங்கள் டீம் பெயர் கொடுக்கப் போனால் ‘ஃபிக்ஸர் முடிஞ்சுபோச்சு தம்பி’ என்பார்கள். ஒருவரும் அடிக்கவில்லை, திட்டவில்லை. அட்டவணை முடிந்துவிட்டது, அவ்வளவுதான். நாங்கள் கண்மாய்க்குள் ஆடினோம், தண்ணீர் வந்தால் ஆட்டம் இல்லை.

2025 இறுதியில் ஜூனியர் உலகக் கோப்பை சென்னையிலும், பக்கத்திலிருக்கும் மதுரையிலும் நடந்தது. நல்ல விஷயம், வரவேற்கிறேன். மதுரையில் போட்ட தரையில் திண்டுக்கல் மாவட்டப் பிள்ளை ஒருத்தி வாரம் மூன்று நாள் ஆட வேண்டுமானால் பஸ்ஸுக்கு எவ்வளவு, சாப்பாட்டுக்கு எவ்வளவு, இரவு திரும்பிவர எது என்பதை யாராவது கணக்குப் போட வேண்டும். போடுவது நம் வேலை.

கடைசியாக ஒரு வேலை கொடுத்துவிட்டு உட்காருகிறேன். 2024இல் தமிழ்நாடு அரசு கலைஞர் விளையாட்டு உபகரணங்கள் என்று 12 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊராட்சிகளுக்கான திட்டத்தைத் தொடங்கியது. நம் மாவட்டத்துக்கும் உண்டு. அடுத்த வாரம் ஊருக்குப் போகிறவர்கள் ஊராட்சி அலுவலகத்தில் கேளுங்கள்: எங்கள் ஊருக்கு என்ன வந்தது, எந்த அறையில் இருக்கிறது, சாவி யாரிடம்? பூட்டுக்குப் பேர்போன ஊரில் இருந்துகொண்டு சாவியைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள். ஊர் மைதானத்தின் சர்வே எண்ணையும் கேட்டு வாங்குங்கள். பதில் சொல்லாவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு எழுதலாம். மாதிரி மனு கொண்டுவந்திருக்கிறேன், பின்வரிசை மேசையில் இருக்கிறது.