தேகாப்பியாசமும் முதியோர் மூளையும்



தேகாப்பியாசம் என்றதும் நம் நினைவுக்கு வருபவர்கள் வாலிபர்களே. விளையாட்டு மைதானம் அவர்களுக்கு, சாய்மனைக் கதிரை வீட்டுப் பெரியவருக்கு என்று பங்கு பிரித்துவிட்டோம். அறுபதைத் தாண்டியவர் கிணற்றடிக்குப் போனாலும் கடைக்குப் புறப்பட்டாலும், "நீங்கள் இருங்கோ, நாங்கள் பார்க்கிறோம்" என்று தடுப்பதை மரியாதை எனக் கருதுகிறோம். இந்த மரியாதையினால் அவருடைய முழங்கால் மாத்திரமன்றி மூளையும் நட்டமடைகிறது என்பதையே இன்று சொல்ல வந்தேன்.

மூளை நமது உடல் நிறையில் ஏறக்குறைய நூற்றுக்கு 2 பங்குதான். ஆயினும் நாம் சும்மா இருக்கும்போது உடல் செலவிடும் ஒட்சிசனில் ஐந்திலொரு பங்கை அது எடுத்துக்கொள்கிறது. அதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது இரத்தம். ஆகவே இரத்தக் குழாய்களைக் கெடுக்கும் உயர் இரத்த அழுத்தமும் நீரிழிவும் மூளையையும் கெடுக்கின்றன. நடை இவ்விரண்டையும் தணிக்க உதவுவது.

மூளையின் இரு பக்கத்திலும், உட்புறமாக, கடற்குதிரையின் வடிவில் ஒரு சிறு பகுதி உண்டு. ஹிப்போகம்பஸ் என்னும் அதன் பெயரே கிரேக்க மொழியில் கடற்குதிரையைக் குறிப்பதுதான். காலையில் யார் வந்தார், மூக்குக் கண்ணாடியை எங்கே வைத்தோம் என்பவற்றை நினைவிற் பதிப்பதற்கு இப்பகுதி இன்றியமையாதது. வயது ஏற ஏற இது சுருங்குகிறது.

அமெரிக்காவிலே கேர்க் எரிக்சன், ஆதர் கிறேமர் முதலிய ஆராய்ச்சியாளர்கள் 55 முதல் 80 வயது வரையான 120 பேரை இரு கூட்டமாகப் பிரித்தார்கள். ஒரு கூட்டத்தார் வாரம் மூன்று நாள் நடந்தார்கள். மற்றவர்கள் கைகால்களை நீட்டி மடக்கும் இலேசான பயிற்சிகளைச் செய்தார்கள். ஓராண்டின் பின் அளந்து பார்த்தபோது, நடந்தவர்களுக்கு அந்தக் கடற்குதிரைப் பகுதி நூற்றுக்கு 2 பங்கு பெருத்திருந்தது. மற்றவர்களுக்கோ ஏறக்குறைய 1.4 பங்கு சுருங்கியிருந்தது. இம்முடிவு 2011இல் வெளிவந்தது.

இதைக் கேட்டதும் நடை ஒரு சர்வரோக நிவாரணி என்று எவரும் கொள்ள வேண்டாம். ஞாபகசக்திச் சோதனையில் இரு கூட்டத்தாருமே முன்னேறியிருந்தார்கள். பின்னர் நடந்த பரிசோதனைகள் எல்லாமும் இதே பலனைக் காட்டவுமில்லை. மறதிநோய் முற்றியபின் நடையினால் அதை மாற்றிவிடலாம் என்று சொல்பவரை நம்பாதீர்கள். ஆனால் பொதுவான போக்குத் தெளிவானது. பின்லாந்திலே 60 முதல் 77 வயது வரையான 1,260 பேரிடம் நடத்தி 2015இல் வெளியிட்ட ஆய்வில், தேகாப்பியாசம், நல்லுணவு, மூளைக்கு வேலை, இரத்த அழுத்தம் முதலியவற்றைக் கவனித்தல் ஆகிய நான்கையும் ஒருங்கே பெற்றவர்களின் சிந்தனைத்திறன் கூடுதலாக முன்னேறியது. லான்செற் சஞ்சிகையின் நிபுணர் குழு 2024இல், மறதிநோய்க்கு ஏதுவாகி, நம்மால் மாற்றக்கூடிய 14 காரணங்களைக் கூறியது. உடலுழைப்பின்மை அவற்றுள் ஒன்று.

"நடக்கவிட்டால் விழுந்துவிடுவாரே" என்பீர்கள். நியாயமான பயந்தான். ஆனால் இருத்திவைத்தால் தொடைத் தசை மெலியும், தள்ளாட்டம் கூடும், பின்பு மலசலகூடத்துக்குப் போகும் வழியிலேயே விழுவார். இதனாலேதான் உலக சுகாதார ஸ்தாபனம் 2020இல், முதியோருக்கு வாரம் 150 நிமிடமாவது மிதமான உழைப்பு வேண்டும் என்றதோடு, உடற்சமநிலைக்கும் வலிமைக்குமான பயிற்சி மூன்று நாள் வேண்டுமெனவும் கூறிற்று. கதிரையின் முதுகைப் பிடித்து ஒற்றைக்காலில் நிற்பதும், கைபிடியாமல் எழுந்து அமர்வதும் இத்தகைய பயிற்சிகளே. செலவில்லை.

இருதய நோயுள்ளவர் முதலில் வைத்தியரைக் கேட்கட்டும். மற்றவர்கள் வெயில் தாழ்ந்தபின், வழுக்காத செருப்போடு புறப்படலாம். இளையவர் ஒருவர் கூடப்போனால் பேச்சுத்துணையும் ஆகும். எடுத்த எடுப்பிலே நெடுந்தூரம் வேண்டாம். நான் சொன்ன பரிசோதனையில் நடந்தவர்களும் முதல் வாரம் பத்து நிமிடந்தான் நடந்தார்கள். வாரம் ஐந்து நிமிடமாகக் கூட்டி, ஏழாம் வாரத்திலேதான் நாற்பதை எட்டினார்கள்.