பிரட்டிலிருந்தே தொடங்கலாம்

அம்மாமாரே, ஐயாமாரே, தமிழக முகாம்களிலிருந்தும் வன்னியிலிருந்தும் மலையகம் திரும்பியிருக்கிறீர்கள். ஆங்கிலப் புத்தகம் வாங்க வசதியில்லையே என்று யோசிக்காதீர்கள். பிரட்டு என்பது பரேட்; லயம் என்பது லைன்; செக்ரோல் அப்படியே ஆங்கிலம்தான்!

ஒரு கொப்பி எடுங்கள். சம்பளச் சீட்டு, கிளினிக் கொப்பி, மருந்து உறை, வங்கிப் படிவம் எல்லாவற்றிலும் உள்ள சொற்களைப் பெரிதாக எழுதி, பக்கத்தில் தமிழில் பொருள் எழுதுங்கள். முதல் பக்கத்தில் வீட்டிலுள்ள ஒவ்வொருவரின் பெயரும் வேண்டும். முகாம் அட்டையில் ஒரு எழுத்துக்கூட்டல், பிறப்புச் சான்றிதழில் வேறொன்று என்றிருந்தால் அடையாள அட்டையும் சேமலாப நிதியும் இழுபடும். இப்போதே ஒப்பிட்டுப் பாருங்கள்.

அரச அலுவலகங்களுக்குத் தமிழிலேயே எழுதலாம். அது அரசியலமைப்பு தந்த உரிமை. ஆங்கிலம் 1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தப்படி இணைப்பு மொழி.

ஞாயிறு பின்னேரம் கொப்பியோடு பிள்ளை மடுவத்துக்கு வாருங்கள்.