பாபிலோனுக்குப் போன கடிதம்: எபிரேயத் தீர்க்கதரிசனமும் கிறிஸ்தவரின் அன்றாட வாழ்வும்

எபிரேயத் திருமறையில் இறைவனின் சொல்லை மக்களிடம் கொண்டுசேர்ப்பவருக்கு வழங்கும் பெயர் 'நாபி' என்பதாகும்; அழைத்தல் என்னும் பொருளுடைய வேரிலிருந்து அச்சொல் பிறந்தது என்று மொழியறிஞர் பலர் கருதுகின்றனர். தமிழ்க் கிறிஸ்தவர் நெடுங்காலமாக அதற்கு ஈடாக வழங்கிவரும் 'தீர்க்கதரிசி' என்னும் சொல் வடமொழி வழி வந்து, நெடுந்தொலைவு காண்பவர் என்று பொருள்படுவது. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு 'இறைவாக்கினர்' என்ற சொல்லை ஆண்டது. இரண்டுமே தகுதியான சொற்கள்தாம். ஆனால் அவை வாசகரை இருவேறு கேள்விகளுக்கு இட்டுச்செல்கின்றன. தீர்க்கதரிசனம் என்று கேட்பவர் 'இனி என்ன நடக்கும்?' என்று வினவுவதும், இறைவாக்கு என்று கேட்பவர் 'இது யாரிடம், எந்த நிலையில் சொல்லப்பட்டது?' என்று வினவுவதும் இயல்பு. முதல் கேள்வியையே பிடித்துக்கொண்டவர்கள் வரலாற்றில் அடைந்த ஏமாற்றங்களுக்குக் குறைவில்லை. தானியேல் நூலின் 2300 நாள்களை ஆண்டுகளாகக் கணக்கிட்டு 1844 அக்டோபர் 22 அன்று கிறிஸ்து திரும்பிவருவார் என்று அமெரிக்காவில் ஆயிரக்கணக்கானோர் காத்திருந்த இரவும் அவற்றுள் ஒன்று. பழைய எபிரேய வாக்கு ஒன்று இன்றைய கிறிஸ்தவரின் சமையலறைக்கும் அலுவலகத்துக்கும் வந்துசேர வேண்டுமானால், அது இரண்டாம் கேள்வியின் வழியாகத்தான் வரவேண்டும் என்பதே இச்சொற்பொழிவு நிலைநாட்ட முற்படும் கருத்து. அதற்கு எரேமியா நூலின் 29ஆம் அதிகாரம் சான்றாக எடுத்துக்கொள்ளப்படுகிறது.

இந்த அதிகாரத்தைத் தேர்ந்தமைக்குக் காரணம் உண்டு. டிசம்பர் 31 இரவு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுக்கும் வழக்கமுள்ள தமிழ்த் திருச்சபைகளில் இதன் 11ஆம் வசனத்தை அறியாதவர் அரிது. இறைவன் தம் மக்களைக் குறித்து எண்ணும் எண்ணங்கள் தீங்குக்கானவை அல்ல, சமாதானத்துக்கானவை என்னும் பொருள்படும் அவ்வசனம் நாள்காட்டியிலும், வீட்டு வாசலின் மேலும், திருமண அழைப்பிதழிலும் இடம்பெறுகிறது. கணவரை இழந்த பெண்ணையும், வேலை கிடைக்காத இளைஞரையும் அது தாங்கி நிறுத்தியிருக்கிறது. அந்த ஆறுதலை எள்ளுவது அறிவுடைமை ஆகாது. ஆனால் அவ்வசனம் ஒரு கடிதத்தின் நடுவிலுள்ள வரி என்பதும், அதற்கு முன்னே ஆறேழு வரிகளில் கடினமான கட்டளைகள் இருக்கின்றன என்பதும் அட்டையில் அச்சாவதில்லை.

கடிதம் எழுந்த சூழல் தெளிவாக அறியப்பட்டது. பாபிலோனிய அரசின் நாளாகமப் பலகை ஒன்று, நேபுகாத்நேச்சார் தன் ஏழாம் ஆட்சியாண்டின் ஆதார் மாதம் இரண்டாம் நாளில் யூதாவின் நகரைப் பிடித்தான் என்று பதிவுசெய்கிறது, அது கி.மு. 597 மார்ச் மாதத்தின் நடுப்பகுதிக்கு ஒத்துவருகிறது. இளம் அரசன் யோயாக்கீனும், அவன் தாயும், அரண்மனை அலுவலரும், தச்சரும் கொல்லரும் பாபிலோனுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். எருசலேம் இன்னும் இடியவில்லை, ஆலயமும் நின்றது. சிதேக்கியா என்பவன் பாபிலோனுக்குக் கீழ்ப்பட்ட அரசனாக அமர்த்தப்பட்டான். ஆகவே கொண்டுசெல்லப்பட்டவர்களின் நெஞ்சில், இது சில மாதத் துன்பம், விரைவில் வீடு திரும்பலாம் என்ற எண்ணமே மேலோங்கியிருந்தது.

அந்த எண்ணத்துக்கு எருசலேமிலும் ஒரு குரல் இருந்தது. முந்தைய அதிகாரத்தில் அனனியா என்னும் தீர்க்கதரிசி, எரேமியா தன் கழுத்தில் போட்டிருந்த மர நுகத்தை ஆலயத்தில் அனைவர் முன்னிலையிலும் முறித்து, இரண்டே ஆண்டுகளில் அரசனும் ஆலயப் பாத்திரங்களும் திரும்பிவருவர் என்று இறைவன் பெயரால் அறிவித்தார். எரேமியா முதலில் அதற்கு ஆமென் என்றே மறுமொழி கூறினார் என்பது கவனிக்கத்தக்கது. மக்கள் திரும்பிவருவதை அவரும் விரும்பினார். ஆயினும் சமாதானத்தை முன்னறிவிக்கும் தீர்க்கதரிசி, சொன்னது நிறைவேறும்போதுதான் இறைவனால் அனுப்பப்பட்டவர் என்று அறியப்படுவார் என்ற அளவுகோலை வைத்துவிட்டு, அவர் தம் வழியே போய்விட்டார். உடனடியாக எதிர்வாக்கு எதையும் அவர் புனையவில்லை. சொல் வரும்வரை பேசாதிருந்தார். தீர்க்கதரிசன வரம் குறித்து மிகுதியாகப் பேசப்படும் இக்காலத்தில், சொல் இல்லாதபோது வாய்மூடிப் போய்விட்ட அந்தத் தீர்க்கதரிசி போதிய கவனம் பெற்றிருக்கிறாரா என்பது ஐயமே.

29ஆம் அதிகாரத்திலுள்ள கடிதத்தைச் சாப்பானின் மகன் எலெயாசாவும் இல்க்கியாவின் மகன் கெமரியாவும் அரச தூதுப் பயணத்தில் எடுத்துச்சென்றனர். வீடு கட்டிக் குடியிருங்கள்; தோட்டம் நாட்டி அதன் கனியை உண்ணுங்கள்; பெண் கொண்டு, பெண் கொடுத்து, பெருகுங்கள், குறையாதீர்கள் என்பதே அதன் முதற்பகுதியின் சாரம். இவை வெறும் இல்லற அறிவுரைகள் அல்ல. உபாகமத்தின் 20ஆம் அதிகாரத்தில், புதுவீடு கட்டியவன், திராட்சைத் தோட்டம் நாட்டியவன், பெண்ணை நிச்சயம் செய்துகொண்டவன் ஆகிய மூவருக்கும் போரிலிருந்து விலக்கு அளிக்கப்படுகிறது. அதே மூன்று செயல்களைக் கடிதம் அதே வரிசையில் எடுத்தாள்வதால், கிளர்ச்சிக்குப் போகாதீர்கள், உங்களுக்கு விலக்கு உண்டு என்ற குறிப்பு அதில் பொதிந்திருப்பதாக ஆய்வாளர் சிலர் கொள்வது பொருந்துவதே. 'கட்டவும் நாட்டவும்' என்னும் இரு வினைகளும் எரேமியாவின் முதல் அழைப்பிலேயே வருபவை. அழைப்பில் நாடுகளுக்கு உரியனவாய் இருந்த அப்பெருஞ்சொற்கள், இங்கே ஒரு குடும்பத்தின் கூரைக்கும் கொல்லைக்கும் இறங்கிவந்துவிடுகின்றன.

ஏழாம் வசனம் இன்னும் கடினமானது. எந்த நகரத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டார்களோ அந்த நகரத்தின் 'ஷாலோம்' நிலையைத் தேடி, அதற்காக மன்றாட வேண்டும் என்கிறது கடிதம். ஷாலோம் என்பது சண்டையின்மை மட்டுமன்று. நலம், நிறைவு, குறைவற்ற வாழ்வு ஆகிய அனைத்தையும் தன்னுள் அடக்கிய சொல். 'சமாதானம்' என்ற தமிழ்ச்சொல் அதன் ஒரு பகுதியையே தாங்குகிறது. எருசலேமின் ஷாலோமுக்காக மன்றாடும்படி 122ஆம் சங்கீதம் அழைக்கிறது. அதே வேண்டுதலைப் பகைநகரான பாபிலோனுக்காக ஏறெடுக்கச் சொன்னது கேட்டவர்களின் செவியில் எப்படி ஒலித்திருக்கும் என்பதை, பாபிலோன்மேல் பழிவாங்கலை வேண்டி முடியும் 137ஆம் சங்கீதத்தை அருகில் வைத்துப் படிப்பவர் உணரக்கூடும். ஆலயம் இல்லாத மண்ணில், பலியில்லாமல், பகைவனுக்காகச் செய்யும் வேண்டுதல் இறைவனை எட்டும் என்ற நம்பிக்கை இந்த ஒரு வசனத்தில் பிறந்து நிற்கிறது.

இவற்றுக்குப் பின்பே எழுபது ஆண்டுகள் என்ற கணக்கு வருகிறது. 597இல் இருபது வயதாயிருந்தவர் எழுபது ஆண்டு கழித்துத் திரும்ப இயலாது. மனித ஆயுளையே எழுபது என்று 90ஆம் சங்கீதம் கணக்கிடுகிறது. அப்படியானால் 11ஆம் வசனத்தின் வாக்குறுதியைக் கேட்ட பெரியவர்களுள் பெரும்பாலோர் அதன் நிறைவைக் காணாமலே பாபிலோன் மண்ணில் அடக்கமாகவேண்டியிருந்தது. அவர்களுக்கு அளிக்கப்பட்டது பேரப்பிள்ளைகளின் வருங்காலம். வசனத்திலுள்ள 'உங்கள்' என்ற சொல்லும் இதையே காட்டுகிறது. தமிழில் 'உங்கள்' மரியாதைக்கும் வழங்குவதால் வாசகர் அதைத் தமக்குரிய தனிச்சொல்லாகக் கொள்வது எளிது. ஆனால் தமிழ்த் திருமறையில் இறைவன் தனியொருவரிடம் பேசும்போது 'நீ' என்றே பேசுகிறார். எபிரேயத்திலும் அது பன்மைதான். வழக்கிலுள்ள தமிழ் மொழிபெயர்ப்பில் 'எதிர்பார்த்திருக்கும் முடிவு' என்று வரும் இடத்தில் எபிரேய மூலம் பின்வருங்காலம், நம்பிக்கை என்ற இரு சொற்களை இணைத்து நிற்கிறது. மக்கள் எதிர்பார்த்திருந்த முடிவோ இரண்டு ஆண்டில் திரும்புவது; அந்த எதிர்பார்ப்பைக் கலைப்பதற்கே கடிதம் எழுதப்பட்டது என்பதை நோக்க, இவ்விடத்தில் மொழிபெயர்ப்பின் சொல்லாட்சி வாசகரைத் திசைமாற்றக் கூடும்.

'சிறையிருப்பு' என்னும் வழக்குச்சொல்லும் அவ்வாறே. அது இருட்டறையையும் விலங்கையும் நினைவூட்டுகிறது. பாபிலோன் அரண்மனையில் அகழ்ந்தெடுக்கப்பட்டு 1939இல் வெளியிடப்பட்ட களிமண் பலகைகள், யூதாவின் அரசனுக்கும் அவனுடைய ஐந்து மகன்களுக்கும் அளந்து கொடுக்கப்பட்ட எண்ணெயைக் கணக்கிட்டுக் காட்டுகின்றன. பழம்பொருள் சந்தை வழியாக வந்தமையால் அகழ்விடம் உறுதிப்படாத மற்றொரு தொகுதி, 'யூதாவூர்' என்று பொருள்படும் ஆல்-யாகுது என்னும் குடியிருப்பைச் சார்ந்தது. 2014இல் லாரி பியர்ஸ், கார்னிலியா வுன்ஷ் ஆகியோர் அதில் நூற்றுக்கு மேற்பட்ட பலகைகளைப் பதிப்பித்தனர். கி.மு. 572 முதல் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு நீளும் அப்பத்திரங்களில், இறைவனின் பெயரைத் தம் பெயரில் தாங்கிய யூதர்கள் வாற்கோதுமையும் பேரீச்சையும் விளைவித்து வரி கட்டுகின்றனர், குத்தகை எடுக்கின்றனர், கடன் வாங்குகின்றனர், தந்தையின் சொத்தைப் பாகம் பிரிக்கின்றனர். அக்குடிகள் எரேமியாவின் கடிதத்தைப் படித்திருந்தனரா என்பதைப் பலகைகள் சொல்லவில்லை. ஆனால் கடிதம் கேட்ட வாழ்வு வாழப்பட்டது என்பதற்கு அவை சான்று. கோரேஸ் அரசன் 539இல் பாபிலோனைக் கைப்பற்றித் திரும்பும் வழி திறந்த பின்னும் பலர் அங்கேயே தங்கினர்; அச்சமூகத்திலிருந்தே பிற்காலத்தில் பாபிலோனியத் தால்மூது தோன்றியது; 1950–51இல் ஈராக்கிலிருந்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட யூதர் வெளியேறும்வரை அந்தச் சமூகம் தொடர்ந்தது. இக்கடிதத்தைத் தம் வாழ்வுக்கு எடுத்துக்கொள்ளும் கிறிஸ்தவர், அது முதலில் அவர்களுக்கு வந்த கடிதம் என்பதை மறத்தல் கூடாது.

பிறருக்கு வந்த கடிதத்தை எடுத்துக்கொள்ளும் உரிமை எங்கிருந்து வருகிறது? திருமறைக்குள்ளேயே அதற்கு முன்மாதிரி உண்டு. தானியேல் நூலின் 9ஆம் அதிகாரத்தில் தானியேல் எரேமியாவின் எழுபது ஆண்டுகளைப் படிக்கிறார். படித்தவுடன் அவர் செய்தது கணக்குப் போடுவதன்று, இரட்டு உடுத்திச் சாம்பலில் அமர்ந்து, தம்மையும் தம் முன்னோரையும் சேர்த்து 'நாங்கள்' என்று பாவ அறிக்கையிட்டதே. புதிய ஏற்பாட்டில் பேதுருவின் முதல் நிருபம், சிதறியிருக்கும் அந்நியருக்கு என்று தொடங்கி, பாபிலோனிலுள்ள சபையின் வாழ்த்தோடு முடிகிறது. அங்குப் பாபிலோன் என்பது உரோமையைக் குறிக்கும் என்பதே பெரும்பாலோர் கொள்கை. தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபம் அரசருக்காகவும் வேண்டச் சொல்கிறது. அகுஸ்தீனார் தம் 'இறைவனின் நகரம்' என்னும் நூலின் 19ஆம் பகுதியில், பாபிலோனின் சமாதானத்தை இறைமக்களும் பயன்கொள்கின்றனர் என்று விளக்குமிடத்தில் எரேமியாவின் இக்கட்டளையையே துணைக்கழைக்கிறார். இவர்கள் யாவரும் கடிதத்திலிருந்து வாக்குறுதியை மட்டும் கிள்ளி எடுக்கவில்லை. கடிதத்தைப் பெற்றவரின் இருக்கையில் தாமும் சென்று அமர்ந்தனர்.

அந்த இருக்கையில் அமர்பவருக்கு அன்றாட வாழ்வு எவ்வாறு மாறும்? விரும்பாத ஊருக்குப் பணிமாறுதல் பெற்ற அரசு ஊழியர், அடுத்த மாறுதல் ஆணை வரும்வரை பெட்டியைப் பிரிக்காமல் நாளெண்ணிக்கொண்டு, அவ்வூர்ப் பள்ளியையும் குளத்தையும் ஏறெடுத்துப் பாராமல் காலம் கழிப்பது அனனியாவின் வழியாகும். வாடகை வீட்டின் முற்றத்தில் முருங்கைக் கொம்பு ஒன்றை ஊன்றி, அதன் காயை அடுத்துவரும் குடித்தனக்காரர் பறிக்கட்டும் என்று விடுவது எரேமியாவின் வழி. வளைகுடா நாட்டில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருப்பவருக்கும், நெடுநோயில் படுத்த தாயை ஆண்டுக்கணக்கில் பேணும் மகளுக்கும் இக்கடிதம் வேறொரு முகம் காட்டும். துன்பம் நாளையே தீரும் என்று அது சொல்லவில்லை, தீராத நாள்களும் வாழ்வதற்குரிய நாள்களே என்று சொல்கிறது. தெருவில் குடிநீர் வராதபோது தம் வீட்டுக்கு மட்டும் லாரித் தண்ணீருக்குச் சொல்லிவிட்டு ஆலயத்தில் நன்றி செலுத்துபவர் 11ஆம் வசனத்தை வைத்திருக்கலாம், 7ஆம் வசனத்தை விட்டுவிட்டார்.

நகரின் நலம் தேடுவது என்பது நகரின் அநீதிக்கு உடன்படுவதாகாது. அதே எரேமியா, பாபிலோனுக்கு வரவிருக்கும் தீங்குகளையெல்லாம் ஒரு புத்தகத்தில் எழுதி, அதை அங்கே வாசித்தபின் கல்லைக் கட்டி ஐப்பிராத்து ஆற்றில் எறியும்படி செராயா என்பவரிடம் கொடுத்தனுப்பினார் என்பது 51ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. பாபிலோனுக்காக மன்றாடுங்கள் என்ற கடிதமும், பாபிலோன் மூழ்கும் என்ற புத்தகமும் ஒரே மனிதரிடமிருந்து, ஒரே அரசனின் காலத்தில் சென்றன. பணியிடத்தில் உண்மையாய் உழைப்பதையும், அங்கு நடக்கும் கையூட்டில் பங்கேற்க மறுப்பதையும் ஒருசேரச் செய்யவேண்டிய கிறிஸ்தவருக்கு இவ்விரண்டுமே தேவை.

கடிதத்தின் எட்டாம் வசனத்தில் எபிரேய இலக்கணம் வாசகரைத் தயங்கவைக்கும் ஒரு வினைவடிவம் உள்ளது. பொய்க் கனவுகளைக் குறித்து எச்சரிக்கும்போது, நீங்கள் காணும் கனவு என்னாமல், நீங்கள் காணச்செய்யும் கனவு என்று அது பிறவினையாகப் பேசுகிறது. கேட்போரின் ஆசையே கனவு காண்பவரை உருவாக்குகிறது என்று இதைக் கொள்ளலாம். இந்த ஆண்டே கடன் தீரும், இந்த மாதமே விசா கிடைக்கும் என்று நாள் குறித்துச் சொல்பவர்மேல் மட்டும் பழியைச் சுமத்திவிட இவ்வசனம் இடம் கொடுப்பதில்லை. அவரைத் தேடிச்சென்று அச்சொல்லை வேண்டி நிற்பவரையும் அது நிறுத்திக் கேட்கிறது. இரண்டு ஆண்டு என்று வாக்களித்த அனனியா இரண்டு மாதத்தில் இறந்தார் என்று நூல் கூறுகிறது. எழுபது என்ற சொல்லோ பாபிலோனிலிருந்து சினத்தையே கொண்டுவந்தது. செமாயா என்பவர் அங்கிருந்து எருசலேமின் ஆசாரியனுக்குக் கடிதம் எழுதி, இந்தப் பைத்தியக்காரனை ஏன் தொழுமரத்தில் போடவில்லை என்று கேட்டார்.

எரேமியா தம் கடிதத்தைத் தாமே வாழ்ந்தவர். சிதேக்கியாவின் பத்தாம் ஆண்டில், பாபிலோனியப் படை எருசலேமைச் சூழ்ந்திருக்க, அவர் காவல்முற்றத்தில் அடைபட்டிருந்தபோது, அவருடைய தந்தையின் சகோதரர் மகன் அனாமெயேல் வந்து ஆனதோத்திலுள்ள நிலத்தை மீட்டுக்கொள்ளும்படி கேட்டார். பகைவர் கைப்பட்ட நாட்டிலிருந்த அந்நிலத்துக்கு எரேமியா 17 சேக்கல் வெள்ளியைத் தராசில் நிறுத்துக் கொடுத்து, பத்திரம் எழுதி, சாட்சிகளின் கையெழுத்து வாங்கி, முத்திரையிட்ட படியையும் திறந்த படியையும் பாரூக் என்பவரிடம் ஒப்புவித்து, அவை நெடுநாள் இருக்கும்படி ஒரு மண்பாண்டத்தில் வைக்கச்சொன்னார். நகரம் விழுந்தபின் அவரை எகிப்துக்குக் கூட்டிச்சென்றுவிட்டனர். அந்த மண்பாண்டத்தைத் திறந்தவர் யார் என்பதைத் திருமறை எங்கும் சொல்லவில்லை.