பிட்காயின்: பொருள் அறிவோம்



பிட்காயின் என்னும் சொல்லை நீங்கள் பலகாலும் கேட்டிருப்பீர்கள். 2008-ஆம் ஆண்டில் சதோசி நகமோட்டோ என்னும் புனைபெயரில் இதன் திட்டம் வெளியாயிற்று. 2009 சனவரியில் நடைமுறைக்கு வந்தது. இது கையில் ஏந்தும் காசன்று. கணக்கேட்டில் நிற்கும் எண்ணேயாகும்.

அவ்வேட்டின் ஒரு பக்கத்திற்குப் ‘பிளாக்’ என்று பெயர். பக்கத்திலுள்ள செய்திகளினின்று கணித்துப் பெறும் முத்திரை எண்ணே ‘ஹாஷ்’. ஒவ்வொரு பக்கமும் முந்தைய பக்கத்தின் முத்திரையைத் தாங்கித் தொடர்வதால், அத்தொடர் ‘பிளாக்செயின்’ எனப்பட்டது. பழைய பக்கத்தில் ஓரெழுத்தைத் திருத்தினும் முத்திரை மாறிவிடும். ஏட்டின் படிகள் உலகெங்கும் ஆயிரக்கணக்கான கணினிகளில் இருத்தலின், கள்ளம் உடனே வெளிப்படும்.

கணினிகள் போட்டியிட்டுக் கணக்கிட்டுப் புதிய பக்கத்தைச் சேர்ப்பது ‘மைனிங்’. அதற்குக் கூலியாகப் புதுக்காசு பிறக்கிறது. மொத்தம் 2 கோடியே 10 லட்சத்திற்கு மேல் பிறவாது.

இனி, ‘பிரைவேட் கீ’. உடையவர் மட்டுமே அறிய வேண்டிய மறையெண் இது. இதனைக் கொண்டே காசைப் பிறருக்கு மாற்றலாம். தொலைத்தவருக்கு மீட்டுத்தர வங்கியில்லை. பிறரிடம் சொன்னவருக்குக் காசே இல்லை. ஏட்டின் கட்டுக்கோப்பு ஏமாந்தவரைக் காவாது. ஆதலின், சொல்லின் பொருள் விளங்காதவிடத்துக் கைப்பொருளை இடாதீர்கள்.